தம்பிக்கு வைத்த விளக்கு

1

அம்மா செத்து ஒரு வருடம் ஆகிறது, ஆட்டைத் திவசத்துக்காக இருபது நாள் லீவில், தம்பி கலியாணம் கட்டிக் குடியேறிய இணுவிலுக்கு வந்திருக்கிறேன். ஜேர்மனியில் இருந்து கொண்டுவந்த பெட்டியில் சொக்லேட், கோப்பித்தூள், தம்பியின் பிள்ளைகளுக்கு வாங்கிய சப்பாத்து எல்லாம் முதல் நாளே இறங்கிவிட்டன. மிஞ்சியிருப்பது ஒரு தாள். அதைக் கடவுச்சீட்டின் உறைக்குள் நாலாக மடித்து வைத்திருக்கிறேன்.

அந்தத் தாளில் மூன்று கேள்விகள். இந்தப் பன்னிரண்டு சந்திப்புகளாலும் உங்களுக்குப் பலன் கிடைத்ததா? தொடர விரும்புகிறீர்களா? இன்னும் சொல்லாதது ஏதாவது இருக்கிறதா? திரும்பிப் போன அடுத்த நாள் இதை நிரப்பிக் கொடுக்கவேண்டும். கொடுத்தால்தான் செலவைக் கட்டும் காப்புறுதிக் கந்தோருக்கு அடுத்த பன்னிரண்டு சந்திப்புக்கு எழுதிப் போடலாம். கொடுக்காவிட்டால் என் இடம் காத்திருக்கும் வேறொருவருக்குப் போய்விடும். அந்த வரிசையில் நானே ஏழு மாதம் நின்றவன்.

கேள்வி கேட்டவர் ஒரு மனநல ஆலோசகர். குளிசை எழுத மாட்டார், ஊசி போட மாட்டார். கதைக்க வைத்தே குணமாக்குவது அவருடைய தொழில். ஊரில் இருந்து இதை வாசிப்பவர்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். என் மனைவி சாந்தி சிரித்தாள்.

“கதைச்சால் வருத்தம் மாறுமெண்டால் எங்கடை சனத்துக்கு ஒரு வருத்தமும் இருக்கக்கூடாது. கதைக்கிறதைத் தவிர வேறை என்ன செய்யினம்?” என்றாள்.

நானும் சிரித்தேன். மற்றவர்கள் சிரித்து முடிக்கும்போதுதான் எனக்குச் சிரிப்புத் தொடங்கும். அதுவும் வருத்தத்தின் ஒரு குணம் என்று பிறகுதான் சொன்னார்கள்.

2

எனக்கு இருப்பது பெரிய வருத்தம் இல்லை. அதுதான் அதில் உள்ள பெரிய கரைச்சல்.

ஒரு நாளும் வேலைக்குப் போகாமல் விட்டதில்லை. ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் தோய்த்து அழுத்தும் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் நிற்கிறேன். கலியாண வீடுகளுக்குப் போகிறேன், மொய் எழுதுகிறேன், படத்துக்கு நிற்கிறேன். ஆனால் காலையில் சப்பாத்துப் போடுவதற்கு மாடிப்படியில் குந்தினால் ஒரு காலுக்குப் போட்டுவிட்டு மற்றச் சப்பாத்தைக் கையில் பிடித்தபடி இருபது நிமிடம் இருந்துவிடுவேன். அந்த நேரத்தில் ஒன்றையும் யோசிப்பதில்லை. சோறு சோறாகத்தான் இருக்கும், உருசி இருக்காது. சாகவேண்டும் என்று எண்ணியதில்லை. பிறக்காமல் இருந்திருந்தால் இவ்வளவு அலுவலும் மிச்சம் என்று பலநாள் எண்ணியிருக்கிறேன்.

குடும்ப வைத்தியர் ஏதோ ஒரு பெயர் சொன்னார். லேசான மனச்சோர்வுதான், ஆனால் ஆண்டுக்கணக்காக விடாமல் நிற்பது என்று விளக்கினார். தூறல்தான், ஆனால் இருபது வருடத் தூறலில் எந்தச் சுவரும் ஊறிப்போகும். முதலில் குளிசை தந்தார். என்னோடு வேலை செய்யும் துருக்கிக்காரருக்கு அதே குளிசை நன்றாகக் கேட்டது. எட்டு மாதத்தில் எனக்கு உடம்பு வைத்து உடுப்புச் சிறுத்ததுதான் கண்ட பலன். அதன் பிறகுதான் கதைத்துப் பார்க்கலாமே என்றார்.

ஆலோசகரைத் தேடிப் பிடித்துத் தந்தது மகள் அபிரா. அவள் வேறு நகரத்தில் வேலை செய்கிறாள், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவாள். முதல் படிவத்தை நிரப்ப எனக்கு ஜேர்மன் காணாது என்று தொலைபேசியில் ஒவ்வொரு வரியாக மொழிபெயர்த்துக் கேட்டாள்.

“அப்பா, ‘எதிர்காலத்திலை எனக்கு நம்பிக்கை இல்லை.’ ஒருபோதும் இல்லை, சில நேரம், அடிக்கடி, எப்பவும். எது?”

“சில நேரம் எண்டு போடு.”

“‘என்னை எனக்குப் பிடிக்கேல்லை.’”

“அதுக்கும் சில நேரம்.”

இருபத்தொரு வரிக்கும் அதையே சொன்னேன். கடைசி வரியும் முடிந்தது. பிறகு, “நான் சின்னனா இருக்கேக்கையுமா அப்பா?” என்றாள். அதற்கு எந்தக் கட்டத்தில் புள்ளடி போடுவது என்று தெரியாமல், வேலைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன்.

எல்லாவற்றுக்கும் ‘சில நேரம்’ என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. இல்லை என்றால் பொய் என்று பிடிப்பார்கள், எப்போதும் என்றால் கொண்டுபோய் எங்காவது அடைப்பார்கள். வெள்ளைக்காரன் நீட்டும் படிவத்தில் நடுவால் போகவேண்டும். இது அகதி முகாம் எனக்குப் படிப்பித்த பாடம்.

3

ஆலோசகர் ஒரு பெண், பெயர் ஹால்ம். திருமதி என்பதற்கு ஜேர்மனில் பிரௌ, அதனால் பிரௌ ஹால்ம் என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிட நாலைந்து வயது கூடியவராக இருக்கவேண்டும். அறையில் இரண்டு கதிரை, யன்னலோரம் பூச்சாடி, சுவரில் மணிக்கூடு, கைக்கெட்டும் தூரத்தில் கண்ணீர் துடைக்கும் கடதாசிப் பெட்டி. மடியில் ஒரு கோப்பு, கையில் பேனா.

“இங்கே சொல்வது இந்த அறையை விட்டு வெளியே போகாது,” என்று தொடங்கினார். பிறகு, “ஜேர்மனிக்கு எப்படி வந்தீர்கள் என்பதில் இருந்து தொடங்குவோமா?” என்றார்.

நான் தொடங்கினேன். சத்தியமாக, உண்மையைச் சொல்லத்தான் வாய் திறந்தேன். ஆனால் மேசை, கோப்பு, பேனா, மணிக்கூடு, கேள்வி கேட்கும் வெள்ளைக்காரி எல்லாம் ஒன்றாகச் சேர்ந்ததும் என் வாய் என்னைக் கேட்காமலே பழைய பாதையில் போய்விட்டது. முப்பது வருடத்துக்கு முன் பாடமாக்கிய கதையை வசனம் பிசகாமல் ஒப்புவித்தேன். காலை ஆறு மணி. இராணுவம் வளைத்தது. பதினைந்து வயதுத் தம்பி முருங்கை மரத்தடியில் பல் விளக்கிக்கொண்டு நின்றான். நீலக் கோடு போட்ட சேர்ட். என் கண்முன்னால் இழுத்துக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் பருத்தித்துறை வீதியில், எங்கள் புத்தூர்ச் சந்தி தாண்டி, அவனது உடல் கிடந்தது.

சொல்லி முடிக்கும்போது என் கண்ணில் இருந்து தண்ணீர் ஓடியது. பிரௌ ஹால்ம் கடதாசிப் பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

என் தம்பி குகன் உயிரோடு இருக்கிறான். இதை நான் எழுதிக்கொண்டிருக்கும்போது பின்வளவில் ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டு நிற்கிறான்.

4

அதெல்லாம் நடக்காத ஊர் என்று யாரும் எண்ணிவிடாதீர்கள். நடந்தது, எத்தனையோ வீடுகளில் நடந்தது. எங்கள் வீட்டில் நடக்கவில்லை, அவ்வளவுதான். எனக்கு நடந்தது பயம். இருபத்துமூன்று வயது வரைக்கும் எந்தச் சத்தத்துக்கும் எழும்பி ஓடத் தயாராகப் படுத்த பயம்.

அகதியாக ஏற்கும்படி விண்ணப்பிப்பதை நாங்கள் அசூல் அடிப்பது என்போம். முகாமில் அசூல் அடிக்கிறவர்களுக்குக் கேஸ் எழுதிக் கொடுக்கும் ஒருவர் இருந்தார். மாஸ்டர் என்று கூப்பிடுவோம். என்னைக் கட்டிலில் இருத்தி வைத்துக் கேட்டார்.

“உனக்கு என்ன நடந்தது?”

“பயம், மாஸ்டர்.”

“பயத்துக்கு விசா குடுக்க மாட்டாங்கள். அடி கிடி வாங்கினனியோ?”

“இல்லை.”

“வீட்டிலை ஆரும் செத்தவையோ?”

“அப்பா. நெஞ்சு வருத்தம்.”

“உது காணாது. சகோதரங்கள்?”

“ஒரு தம்பி.”

மாஸ்டர் கொப்பியைத் திறந்து எழுதத் தொடங்கினார். நான் தடுக்கவில்லை. சேர்ட்டின் நிறத்தைக்கூட அவர்தான் போட்டார். சின்னச் சின்ன விபரம் இருந்தால்தான் நம்புவார்கள் என்றார். ஒருமுறை சொன்னதைச் சாகும்வரைக்கும் மாற்றக்கூடாது, மாற்றினால் பிடித்து அனுப்பிவிடுவார்கள் என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

விசாரணையில் நான் அழுதேன், மொழிபெயர்த்த அண்ணையும் அழுதார். என்னை ஏற்றுக்கொண்டார்கள். ஜேர்மன் மொழியில் துக்கத்துக்கு நான் படித்த சொற்கள் எல்லாம் அந்தக் கேஸில் இருந்து படித்தவைதான். வேலையிடத்தில் விரிப்பின் அளவும் மிசினின் பாகங்களும் படித்தேன். மனதுக்குள் இருப்பதைச் சொல்ல வேறு பாஷை என்னிடம் இல்லை. பிரௌ ஹால்ம் என்ன கேட்டாலும் செத்த தம்பியிடம்தான் போய் முட்டினேன்.

கேஸ் இருப்பதால் வந்த வினை பிறகுதான் தெரிந்தது. அபிரா பெரியபிள்ளையானபோது, அவளின் சாமத்தியவீட்டுக்கு வர ஆசைப்பட்டு, ஸ்பொன்சர் கடிதம் அனுப்பச் சொல்லித் தம்பி கேட்டான். கோப்பில் செத்துப்போனவனுக்கு நான் எப்படிக் கடிதம் கொடுப்பது? “இப்ப சரிவராதடா,” என்றேன். நாலு வருடம் கழித்து இன்னொருமுறை கேட்டான். அதே பதிலைச் சொன்னேன். அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை. மாதத்தில் ஒருமுறை எடுப்பேன். சுகமோ என்பேன், சுகம் என்பான். மழையோ என்பேன், வெங்காய விலை சொல்லுவான். பத்து வருடமாக எங்கள் இருவருக்கும் இடையில் இருந்தது வெங்காய விலை மட்டும்தான்.

5

எட்டாவது சந்திப்பில் பிரௌ ஹால்ம் கேட்டார்.

“உங்கள் சமயத்தில் இறந்தவருக்கு வீட்டில் என்ன செய்வீர்கள்?”

“படம் வைத்து விளக்கு ஏற்றுவோம்.”

“தம்பிக்கு ஏற்றியிருக்கிறீர்களா?”

“இல்லை,” என்றேன். அந்த அறையில் நான் சொன்ன முதல் உண்மை அதுவாகத்தான் இருக்கவேண்டும்.

அவர் முகம் இளகிவிட்டது. விடைபெறாமல் விட்ட துக்கம்தான் உங்களை இத்தனை வருடம் அரிக்கிறது, ஒருமுறை ஏற்றிப் பாருங்கள், சொல்லாமல் விட்டதை எல்லாம் அவருக்கு ஒரு கடிதமாக எழுதுங்கள் என்றார். மனம் நல்ல மனம். என்னிடம் ஏமாந்துபோனதுதான் அவர் செய்த பிழை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாந்தி கோயிலுக்குச் சமைக்கப் போயிருந்தாள். என்ன பேய் பிடித்ததோ தெரியவில்லை, அலுமாரியில் இருந்து தம்பியின் படத்தை எடுத்தேன். நாங்கள் அப்போது இருந்த புத்தூர் வீட்டில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பதினைந்து வயதுப் படம். நான் கொண்டுவந்தது அது ஒன்றுதான். சாமிப்படத் தட்டுக்குக் கீழே வைத்துத் திரி போட்டு விளக்கேற்றினேன். கொப்பி எடுத்துத் தமிழில் எழுதினேன்.

குகன், உன்னைக் கூப்பிடாததுக்கு என்னை மன்னித்துக்கொள். அம்மாவை உன் தலையில் போட்டுவிட்டு நான் தப்பிவிட்டேன். நீ தோட்டத்தில் குனிந்து நிமிர்ந்த முதுகில்தான் நான் மாப்பிள்ளை மாதிரி வந்து இறங்கிப் போனேன். இப்படி நாலு பக்கம் எழுதினேன். தொலைபேசியில் உயிரோடு இருப்பவனுக்குச் சொல்ல வாய் வராதது, செத்தவனுக்கு எழுதும்போது தடையில்லாமல் வந்தது. ஒரு மணித்தியாலம் அழுதேன். அன்று மத்தியானம் சோறு ருசித்தது. அடுத்த நாள் காலையில் இரண்டு சப்பாத்தையும் நேரே போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். இரண்டு நாள் அப்படி இருந்தேன். இருபது வருடத்தில் எனக்குக் கிடைத்த இரண்டு நாள்.

இதைத்தான் அந்த முதல் கேள்விக்குள் எப்படி எழுதுவது என்று தெரியாமல் தவிக்கிறேன். வைத்தியம் கேட்டது. ஆனால் பொய்யான வருத்தத்துக்குக் கொடுத்த வைத்தியம் மெய்யான வருத்தத்துக்குக் கேட்டது என்று எந்தப் படிவத்தில் எழுதலாம்?

மூன்றாம் நாள், சாமிப்படம் துடைக்கப் போன சாந்தி படத்தையும் திரி கருகிய விளக்கையும் கண்டுவிட்டாள். அவள் கத்தியது இப்போதும் காதில் நிற்கிறது.

“இஞ்சாருங்கோ! உயிரோடை இருக்கிற மனிசனுக்கு விளக்கு வைச்சியளோ? உங்களுக்கென்ன விசரோ?”

“அந்த அம்மா சொன்னவ.”

“அவ வெள்ளைக்காரி, அவவுக்கென்ன தெரியும்? நீங்கள் சைவப்பிள்ளையில்லையோ? வதனியின்ரை தாலியை நினைச்சனியளோ?”

வதனி தம்பியின் மனைவி. சாந்தி விளக்கைக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டாள், படத்தைக் கண்ணில் ஒற்றி அலுமாரியில் வைத்துப் பூட்டினாள்.

பத்தாம் நாள் இணுவிலில் இருந்து செய்தி வந்தது. தம்பிக்கு டெங்குக் காய்ச்சல், யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள், இரத்தத்தில் ஏதோ குறைந்துகொண்டு போகிறதாம். நுளம்பு கடித்தால் டெங்கு வரும், விளக்கு வைத்தால் வராது. அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டும் ஐந்து நாள் நான் ஒரு வாய் சாப்பிடவில்லை. அவன் தப்பிவிட்டான். நான் மீதிச் சந்திப்புகளுக்குப் போய் வானிலையைப் பற்றிக் கதைத்துவிட்டு வந்தேன். பிரௌ ஹால்ம் பார்த்துக்கொண்டே இருந்தார். பன்னிரண்டாவது முடிந்தபோது இந்தத் தாளைத் தந்தார்.

6

இனித் திவசத்துக்கு வருகிறேன். தகப்பனுக்கு மூத்தவனும் தாய்க்கு இளையவனும் கடமை செய்வது எங்கள் வழக்கம். கொள்ளி வைத்தவனும் குகன்தான். அன்று எனக்கு லீவு கிடைக்கவில்லை. இப்போது அவன் தர்ப்பை மோதிரம் போட்டு ஐயருக்கு முன்னால் இருந்தான், நான் பின்னால் நின்றேன். செத்தவர்களின் பெயர்களை ஐயர் கேட்கக் கேட்க அவன் ஒவ்வொன்றாகச் சொல்லி எள்ளும் தண்ணீரும் விட்டான். ஜேர்மனியில் ஒரு கந்தோரின் நிலவறையில் அந்தப் பெயர்களின் வரிசையில் இவனையும் சேர்த்து வைத்திருக்கிறேன் என்ற எண்ணம் வந்தது. தூணைப் பிடித்துக்கொண்டேன். தாயை நினைத்து அண்ணன் கலங்குகிறார் என்று பார்த்தவர்கள் எண்ணியிருப்பார்கள்.

திரும்பிப் போய், மூன்றாவது கேள்விக்கு உண்மையை எழுதினால் என்ன ஆகும்? பிரஜாவுரிமை கிடைத்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. ஆலோசகர் வெளியே சொல்லக்கூடாது என்பது சட்டம். இதெல்லாம் தலைக்குத் தெரியும், வயிற்றுக்குத் தெரியாது. எழுதாவிட்டால் இன்னும் பன்னிரண்டு முறை செத்த தம்பிக்கு அழவேண்டும். அதற்குப் போகாமலே விடலாம். போகாமல் விட்டால் மாடிப்படியும் ஒற்றைச் சப்பாத்தும். ஐம்பத்துநாலு வயது. இன்னும் இருபது வருடம் இப்படியே இழுக்கச் சக்தி இல்லை. இதைச் சாந்திக்குக்கூட நான் சொன்னதில்லை.

முதலில் உரியவனுக்குச் சொல்லவேண்டும் என்று பட்டது. சொல்லிப் பார்த்தால் கதைப்பது உதவுமா என்பதும் தெரிந்துவிடும் என்று ஒரு கணக்கு. அந்தக் கணக்கும் சுயநலம்தான்.

7

திவசம் முடிந்து மூன்றாம் நாள் காலை, மருதனார்மடம் சந்தைக்கு வெங்காயம் போட்டுவிட்டு வந்து தம்பி தோட்டத்தில் இறைத்துக்கொண்டிருந்தான். மிசின் பெரிய சத்தத்தோடு ஓடியது.

“குகன், மிசினை ஒருக்கா நிப்பாட்டு.”

“ஏன் அண்ணை? இன்னும் நாலு பாத்திக்குத் தண்ணி விடவேணும்.”

“நிப்பாட்டடா. ஒரு கதை இருக்கு.”

நிறுத்தினான்.

“நான் அங்கை அசூல் அடிக்கேக்கை உன்னைச் செத்தவனெண்டு எழுதிப்போட்டன்.”

“ஆரை?”

“உன்னை.”

அவன் மண்வெட்டியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தான். பிறகு சிரித்தான். காய்ச்சலுக்குப் பிறகு ஒட்டிப்போன கன்னம் சிரிக்கும்போது இன்னும் உள்ளே போனது.

“எப்பிடிச் செத்தனான்?”

“ஆமி பிடிச்சுக்கொண்டு போனது. பிறகு றோட்டுக்கரையிலை கிடந்தனி.”

“எந்த றோட்டு?”

“பருத்தித்துறை றோட்டு. எங்கடை சந்தி தாண்டி.”

“என்ன உடுப்பு?”

“நீலக் கோடு போட்ட சேர்ட்.”

“அப்பிடி ஒரு சேர்ட் எனக்கு இருக்கேல்லையே அண்ணை,” என்றான். அதோடு சிரிப்பு நின்றுவிட்டது. அவனுக்குள் ஏதோ ஒன்றோடு ஒன்று பொருந்துவது முகத்தில் தெரிந்தது.

“அப்ப, பிள்ளையின்ரை சாமத்தியவீட்டுக்கு நான் கேட்டது?”

“ஓம்.”

“இரண்டாந்தரம் கேட்டதும்?”

“ஓம் தம்பி.”

“இவ்வளவு காலமும் நான் என்ன நினைச்சன் தெரியுமோ? தோட்டக்காரனைக் கூட்டிக்கொண்டு போய் அங்கை ஆக்களுக்குக் காட்ட உங்களுக்கு வெக்கமெண்டு.”

“ஐயோ, இல்லையடா.”

“அம்மாவுக்குத் தெரியுமோ?”

“தெரியாது.”

“அவ சாகுமட்டும் கேட்டவ. பெரியவன் ஏன் உன்னை ஒருக்காக்கூடக் கூப்பிடுறானில்லை எண்டு. நான் சொன்னனான், அண்ணை கூப்பிடுறவர்தான், எனக்குத்தான் பிளேனுக்குப் பயமெண்டு. பயந்தாங்கொள்ளி எண்டு என்னைப் பேசிப்போட்டுத்தான் அவ கண்ணை மூடினவ.”

நான் அவன் கையைப் பிடிக்கப் போனேன். அவன் கையை எடுத்துக்கொண்டு போய் மிசினை இழுத்து உயிர்ப்பித்தான். மீதி நாலு பாத்திக்கும் தண்ணீர் விட்டு முடிக்கும்வரை என் பக்கம் திரும்பவில்லை. நான் வரப்பில் நின்றேன், பிறகு நடந்து வீட்டுக்கு வந்தேன்.

கதைத்தால் பாரம் குறையும் என்று சொல்லுவார்கள். எனக்குக் குறையவில்லை. என் பாரத்தில் பாதியை நோயில் இருந்து எழும்பிய ஒருவனின் தலையில் இறக்கிவிட்டேன், என் பங்கு அப்படியே கிடந்தது. அடுத்த நாள் காலை கட்டிலின் விளிம்பில் ஒரு செருப்பை மட்டும் மாட்டிக்கொண்டு இருந்தேன். வதனி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள், ஆடை படிந்து ஆறிப் போகும்வரை அது அங்கேயே இருந்தது. தம்பி விடிய முதலே தோட்டத்துக்குப் போய்விட்டான். வீட்டில் நின்ற நேரத்தில் என்னோடு கதைக்கவில்லை. இரண்டு நாள். சொல்லாமலே விட்டிருக்கலாம் என்று அந்த இரண்டு நாளும் என்னை நானே தின்றேன். முப்பது வருடத்துக்கு முன் கடதாசியில் கொன்றவனை இப்போது நேரில் இழந்துவிட்டேன் என்றுதான் எண்ணினேன்.

8

இன்று காலை வான் வாசலில் வந்து நின்றது. பெட்டியை ஏற்றிவிட்டுத் திரும்பினால் தம்பி படலையடியில் நின்றான். புதுச் சேர்ட், கடை மடிப்புக்கூடக் கலையவில்லை. நீலக் கோடு.

“ஏனடா உது?”

“நேற்று மருதனார்மடத்திலை வாங்கினனான். சாகேக்கை போட்டிருந்தது எண்டு சொன்னியள். ஒருக்காவெண்டாலும் போட்டிருக்க வேணுமே.”

“போனை எடுங்கோ,” என்றான். “ஒரு படம் எடுத்துக்கொண்டு போய் அந்த மனிசியிட்டைக் காட்டுங்கோ. இண்டைய பேப்பரையும் பிடிக்கட்டோ, திகதி தெரியிற மாதிரி?”

ஆலோசகரைப் பற்றி நான் அவனுக்குச் சொல்லவில்லை. சாந்தி ஜேர்மனியில் இருந்து போனில் சொல்லியிருக்கவேண்டும். எவ்வளவு சொன்னாள் என்று கேட்கத் துணிவு வரவில்லை. இரண்டு படம் பழுதாகி, மூன்றாவதுதான் சரியாக வந்தது. அதில் அவன் சிரிக்கவில்லை. நாற்பத்தேழு வயதுக்காரன், தலை நரைத்திருக்கிறது, கழுத்தெலும்பு தெரிகிறது, என்னை நேரே பார்க்கிறான்.

“நான் இருக்கிறனெண்டு முதல் அவவுக்குச் சொல்லுங்கோ அண்ணை. வருத்தம் மாறுதோ இல்லையோ எண்டு பிறகு பாப்பம்,” என்றான். வான் வெளிக்கிடும்வரை நிற்கவில்லை, தண்ணீர் விட நேரமாகிறது என்று போய்விட்டான்.

இதைக் கட்டுநாயக்காவில் விமானத்துக்குக் காத்திருக்கும் கதிரையில் இருந்து முடிக்கிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். உரியவனுக்கு விளங்கும். தாளை நிரப்பிவிட்டேன். பலன் கிடைத்ததா என்பதற்கு, இதுவரை வைத்தியம் நடந்தது வேறொருவனுக்கு, எனக்கு உதவுமா என்று தெரியாது என்று எழுதினேன். தொடர விருப்பமா என்பதற்கு ஆம் என்று புள்ளடி போட்டேன். மூன்றாவதில், என் தம்பி உயிரோடு இருக்கிறான் என்று ஜேர்மனில் எழுதினேன். நாலைந்து சொல்தான். எழுதி முடிக்க அரை மணித்தியாலம் எடுத்தது. எழுதியபின் நெஞ்சு லேசாகவில்லை. அந்தத் தாள் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, கிழிக்கலாம் என்ற எண்ணமும் கூடவே இருக்கிறது. படத்தைத் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன்.

குகன், ஒன்றை உனக்கு நான் தோட்டத்தில் சொல்லவில்லை. சாந்தியும் அதை மட்டும் சொல்லியிருக்க மாட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் படத்துக்கு விளக்கு வைத்தேன். பத்தாம் நாள் உனக்குக் காய்ச்சல் வந்தது. அது என்னால் வரவில்லை என்று எந்த வைத்தியர் சொன்னாலும் நான் நம்பமாட்டேன், நீ சொன்னால்தான் நம்புவேன். ஒருமுறை நீயாக எடுத்துச் சொல்லிவிடு. வெங்காய விலையைப் பிறகு கதைப்போம்.